மூன்றாவது எச்சில்

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தொட்டில்கூடக் கட்டவில்லை. அதற்குள் அதன் எச்சிலில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று அரசாங்கம் கண்டுபிடித்து அனுப்பிவிட்டது.

செய்தி வந்த நேரத்தில் செண்பகா பிள்ளையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தாள். அவள் போனுக்கு மட்டும் வந்திருந்தால் நின்று நிதானமாகப் படித்திருப்பாள். தடம் திட்டத்தில் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. தாய், தகப்பன், குடும்ப அட்டையில் தலைவி என்று போட்டிருக்கிற ஆள், மூன்று பேருக்கும் ஒரே நொடியில் போய்விடும். சங்கரன்கோவில் பணிமனையில் பேருந்துக்கு அடியில் படுத்துக் கிடந்த அவள் புருஷன் இசக்கிராஜின் சட்டைப்பையிலும், அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த மாமியார் காந்திமதியின் இடுப்பிலும் அதே நேரத்தில் மணி அடித்தது.

விஷயம் சின்னதுதான். குழந்தையின் எச்சிலில் சி.எம்.வி. வைரஸ் இருக்கிறது. கருவிலேயே தொற்றியிருக்கிறது. தாயிடம் உள்ள ரகமும் இல்லை, தகப்பனிடம் உள்ள ரகமும் இல்லை. மூலம் என்ற இடத்தில் 'பிறர்' என்று போட்டிருந்தது.

தடம் திட்டத்தைக் கெட்ட எண்ணத்தில் யாரும் கொண்டுவரவில்லை. இந்த வைரஸ் பெரியவர்களை ஒன்றும் செய்யாது. நம்மில் பாதிப் பேருக்கு மேல் அதை உடம்பில் வைத்துக்கொண்டு, அது தெரியாமலேயே டீ குடித்துக்கொண்டும் வம்பு பேசிக்கொண்டும் திரிகிறோம். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் போனால்தான் வினை. சிலதுக்குக் காது போகும், சிலதுக்கு மூளை வளராது. பிறந்ததும் வாயில் ஒரு பஞ்சுக்குச்சியை ஓட்டி எடுத்துச் சோதித்தால் சீக்கிரமே மருந்தைத் தொடங்கலாம். அதோடு நிறுத்தியிருந்தால் கோயில் கட்டிக் கும்பிட்டிருக்கலாம். ஒவ்வொருவர் உடம்பிலும் அந்த வைரஸ் கொஞ்சம் கொஞ்சம் மாறி இருக்கிறது, அதை வைத்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்லிவிடலாம் என்று எவனோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான். கொடுத்த ஆளைப் பிடித்துவிட்டால் அடுத்த கர்ப்பிணியைக் காப்பாற்றலாமே என்று அரசாங்கம் நினைத்தது.

ஊர் வேறு மாதிரி நினைத்தது. இப்போது பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு தடத்தையும் கேட்கிறார்கள். புளியங்குடிப் பக்கம் பிறந்த பிள்ளை ஒன்றுக்கு மூலம் என்று ஒரு பால்வாடி ஆயாவின் பெயர் வந்ததற்காக அவள் வீட்டுக் கதவில் சாணியைக் கரைத்து அடித்தார்கள். ஊரார் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, இடுப்பில் தூக்கி வைத்துச் சோறு ஊட்டியதைத் தவிர அவள் ஒரு பாவமும் செய்ததில்லை. அவளுக்கே அந்தக் கதி என்றால், 'பிறர்' என்று பெயரில்லாமல் வந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று சொல்லவும் வேண்டுமா.

"பிறருன்னா யாருட்டி?" என்று கேட்டுக்கொண்டே காந்திமதி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் புளி ஒட்டிக்கொண்டிருந்தது.

"தெரியல அத்தை. எதும் தப்பா வந்திருக்கும்."

"மிஷினு தப்பாச் சொல்லட்டும். நீ சரியாச் சொல்லு."

செண்பகா சாம்பிராணிக் கரண்டியைத் தள்ளி வைத்தாள். அவள் கயத்தாறு காற்றாலையில் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறவள். ஐந்தாம் மாதம் வரைக்கும் இரவுப் பணிக்கும் போய் வந்தாள். காந்திமதி அதைத்தான் கையில் எடுப்பாள் என்று அவளுக்குத் தெரியும். எடுத்தாள்.

"ராத்திரி ஷிப்டு, ராத்திரி ஷிப்டுன்னு போனேலா. காத்தாடியவா பாத்துட்டு இருந்த?"

இசக்கிராஜ் அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டான். கைக்கிரீஸைக்கூடக் கழுவவில்லை. நல்ல குணமுள்ளவன்தான், குரல் உயர்த்திப் பேசமாட்டான். அப்படிப்பட்டவர்கள் மெதுவாகப் பேசும்போதுதான் பயமாக இருக்கும்.

"பிள்ளை எம்பிள்ளைதான். அதுவும் கீழ போட்டிருக்கு, படிச்சேன். அதுல எனக்குச் சந்தேகமில்ல. நடுவுல வந்துட்டுப் போனவன் யாருன்னு மட்டும் சொல்லு."

"யாரும் இல்லங்க. நம்புங்க."

"அப்ப அது என்ன, காத்துல பறந்தா வந்துச்சு?"

அவன் அவ்வளவுதான் கேட்டான். பிறகு பிள்ளை படுத்திருந்த பாயைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

செண்பகா ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தாள். அவர்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அவளுக்கே அது மறைக்கிற விஷயமாகப் படவில்லை.

பிள்ளை பிறந்த அன்று சாயங்காலம், ஆஸ்பத்திரி வார்டில் அவள் அரைக்கண் மூடிக் கிடந்தாள். தாயில்லாப் பெண். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, அப்பா திருப்பூரில் அண்ணன் வீட்டில். அதனால்தான் தலைப்பிரசவத்துக்கும் மாமியார்தான் கூட இருந்தாள். ஒரு ஆளுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். மத்தியானம் எங்கோ போய்விட்டு வேர்த்து விறுவிறுக்க வந்த காந்திமதி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தாள். அதில் விரலை நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். சேனை. பிறந்த பிள்ளை நாக்கில் முதலில் படுகிற இனிப்பு. யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று வார்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருந்தது. இதே காரியத்துக்காக முந்தின நாள் பக்கத்துக் கட்டில்காரியின் அம்மாவை நர்ஸ் கிழி கிழி என்று கிழித்து வெளியே அனுப்பியிருந்தாள். சற்று நேரத்தில் நர்ஸ் பஞ்சுக்குச்சியோடு வந்து, "வாயில எதும் வச்சீங்களா?" என்று கேட்டபோது செண்பகா முந்திக்கொண்டு, "இல்ல சிஸ்டர்," என்றாள். மாமியாரை நாலு பேர் நடுவில் யாரும் வையக் கூடாது என்று நினைத்தாள். அந்தப் பொம்பிளை பேத்திக்காக ஆசையாகச் செய்த முதல் காரியம் அதுதான் என்று மனசு குளிர்ந்துகூடப் போயிருந்தது. பேதை.

ஆஸ்பத்திரியில் தடம் பிரிவுக்கு ஆலோசகர் ஜெபராணி. வந்து போகிறவர்கள் அழுகையையும் அடிதடியையும் பார்த்துப் பார்த்து மரத்துப்போன முகம். செண்பகா பிள்ளையோடு தனியாக வந்ததைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"புருஷன் வரல?"

"வரல மேடம்."

"வரமாட்டாங்க. 'பிறர்'னு வந்தா ஒருத்தனும் வரமாட்டான். உக்காருங்க."

"இதுக்கு என்ன மேடம் அர்த்தம்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"நீங்க மாசமா இருந்தப்ப வெளியாள் யார்கிட்டயோ இருந்து இந்த ரகம் உங்களுக்கு வந்திருக்கு, உங்க ஒடம்பு வழியாப் பிள்ளைக்குப் போயிருக்குன்னு மிஷின் நினைக்கு. எச்சில் பட்டும் வரும். சின்னப் பிள்ளையத் தூக்கி முத்தம் கொடுத்தாலும் வரும். வேற மாதிரியும் வரும். உங்க வீட்டுல அந்தக் கடைசி ஒண்ணு மட்டும்தான் காதுல விழுந்திருக்கும்."

"என் பிள்ளைக்கு என்ன ஆகும்?"

"அதத்தான் முதல்ல கேட்டிருக்கணும். நிஜமாவே கருவுல வந்திருந்தா ஆறு மாசம் மருந்து கொடுக்கணும். கொடுத்தா காது தப்பும். ஆனா அது லேசான மருந்தில்ல, ரத்தத்துல வெள்ளணுவ இறக்கிரும். நோயில்லாத பிள்ளைக்குக் கொடுத்தா விஷம். அதனால இன்னொரு தடவை, மூத்திரத்தை எடுத்துப் பாத்துட்டுத்தான் தொடங்குவோம். பிள்ளை பொறந்து மூணு வாரத்துக்குள்ள பாக்கணும். அதுக்கு மேல போனா கருவுல வந்ததா, பிறகு ஒட்டினதான்னு யாராலயும் சொல்ல முடியாது. அப்ப டாக்டர் முதல் ரிசல்ட்ட வச்சு மருந்த எழுதிருவாரு."

"இப்பவே எடுத்துருங்க மேடம்."

"'பிறர்' கேஸுக்குப் புருஷன் கையெழுத்து இல்லாம மறுசோதனை கிடையாது. சட்டம். எவன் எழுதினான்னு எனக்குத் தெரியாது, என் கையில் கிடைச்சா விடமாட்டேன்."

செண்பகா பிள்ளையைப் பார்த்தாள். அது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது.

"முதல் சோதனை தப்பாப் போறதே இல்லையா?"

"போகும். பால் குடிச்ச வாயில உடனே எடுத்தா தாயோட வைரஸ் வந்து ஒட்டிக்கிடும். வேற யார் எச்சிலாவது அந்த வாயில பட்டிருந்தாலும் அப்படித்தான். அதுக்காகத்தான் வாயில எதும் வச்சீங்களான்னு தவறாம கேக்கச் சொல்லியிருக்கோம். உங்க கேஸுல இல்லைன்னு இருக்கு."

செண்பகா பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். மெதுவாகச் சொன்னாள். சேனையைச் சொன்னாள், தான் சொன்ன பொய்யைச் சொன்னாள்.

ஜெபராணி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "படிச்ச பிள்ளைதான நீங்க? ஒரு கேள்வி கேட்டா ஒரு பதில். மாமியார் மானத்தைக் காப்பாத்தி உங்க மானத்தை வித்திருக்கீங்க." இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய குழாயை எடுத்து நீட்டினாள். "தொட்டு வச்சவங்க எச்சில் இதுல வேணும். பொருந்துச்சுன்னா உங்க புருஷன் வாய் அடைஞ்சிரும். கையெழுத்துப் போடுவாரு."

வீட்டுக்கு வந்ததும் இசக்கிராஜ் இருக்கும்போதே செண்பகா பேச்சை எடுத்தாள். ஜெபராணி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். எச்சில் பட்டாலே தப்பாகக் காட்டும் என்று அவள் சொன்ன இடத்தில் காந்திமதியின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. செண்பகா அதைக் குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள்.

"எம்மா, சேனை வச்சியா?" என்றான் இசக்கிராஜ்.

"வச்சேன். எம் பேத்திக்கு நான் வைக்காம யார் வைப்பா? ஊரு உலகத்துல இல்லாததையா செஞ்சுட்டேன்?" அவள் குழாயைப் பிடுங்கிக்கொண்டாள். "என் எச்சில்தான வேணும்? தாராளமா எடுத்துட்டுப் போ. அப்பவாச்சும் உன் யோக்கியதை வெளிய வரும்."

அவள் துப்பிய துப்பலில் குழாய் நிறைந்து விளிம்பில் வழிந்தது. இவ்வளவு தைரியமாகக் கொடுக்கிறாளே, தெரியாமல்தான் செய்திருக்கிறாள் பாவம் என்று செண்பகா அப்போதும் நினைத்தாள். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். பிள்ளைக்குக்கூட மனசுக்குள் ஒரு பெயரை யோசித்து வைத்தாள்.

முடிவு வந்தது. பொருந்தவில்லை.

மூன்று போன்களும் மறுபடி ஒரே நேரத்தில் அடித்தன. காந்திமதி படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் குதிப்பாள், கூப்பாடு போடுவாள் என்று செண்பகா எதிர்பார்த்தாள். அதற்குப் பதிலாக அவள் எழுந்து போய்ப் பாத்திரம் விளக்க ஆரம்பித்தாள். விளக்கின பாத்திரத்தையே மறுபடி விளக்கினாள்.

குதித்தது இசக்கிராஜ்தான்.

"எங்கம்மாவப் பொய்க்காரியாக்கப் பாத்தேலா? அவ வாயைத் திறந்து துப்பிக் கொடுத்தாளே, பெத்த தாய அப்படி நிக்க வச்சுட்டியே. யார் மேல பழியப் போடலாம்னு ராத்திரி பூரா யோசிச்சியோ?"

"எனக்குப் புரியலங்க. நான் பாத்தேன், அத்தைதான் வச்சாங்க. நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும். மத்ததெல்லாம் பிறகு பேசுவோம். உங்க பிள்ளைங்க அது. விஷத்த ஊத்திருவாங்க."

"பேரைச் சொல்லு, கையெழுத்துப் போடுதேன்."

"இல்லாத பேரை எங்க போய்ச் சொல்ல?"

"அப்ப கெளம்பு. உங்கண்ணன் வீடு இருக்குல்லா."

அவன் அலமாரியைத் திறந்து அவள் சேலைகளை வாரித் தாழ்வாரத்தில் போட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு பிரித்தே பார்க்காத பையையும் தூக்கி எறிந்தான். பை வாய் பிளந்து துணிகள் சிதறின. துணிகளுக்கு நடுவிலிருந்து அந்தக் கிண்ணம் உருண்டு போய் வாசற்படியில் முட்டி நின்றது.

செண்பகா துணிகளை அள்ளிக்கொண்டே அதையும் எடுத்தாள். அன்றைக்கு அரைக்கண்ணால் பார்த்தது, இன்றைக்குத்தான் கையில் எடுக்கிறாள். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. இந்த வீட்டுப் பாத்திரத்தில் எல்லாம் காந்திமதி என்றுதான் வெட்டியிருக்கும். இதில் உலகம்மாள் என்று இருந்தது.

உலகம்மாள் என்றால் காந்திமதியின் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. சுவருக்கு அந்தப் பக்கம்தான் வீடு. ஒரே வீடாக இருந்ததைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்தது காந்திமதி. பன்னிரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, நல்லது கெட்டது இல்லை, ஒரு கரண்டி காப்பித்தூள் கைமாறினது இல்லை. செண்பகா கல்யாணமாகி வந்த முதல் நாளே, "அந்த வீட்டு நிழல்கூட உன் மேல படக் கூடாது," என்று சொல்லி வைத்திருந்தாள் மாமியார். அந்த வீட்டுக் கிண்ணம் இந்த வீட்டுப் பைக்குள் எப்படி வந்தது?

அவள் திரும்பி அடுப்படியைப் பார்த்தாள். காந்திமதி அவள் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

செண்பகா கிண்ணத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, பக்கத்துப் படியேறினாள்.

உலகம்மாள் தனிக்கட்டை. புருஷன் போய்விட்டார், மகன் மஸ்கட்டில். தெருவில் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். செண்பகா போனபோது ஒரு பயலுக்குச் சளி சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள், இன்னொன்று அவள் மடியில் ஏறி அவள் தட்டிலிருந்தே சோற்றை எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. வாசலில் நிற்பது யார் என்று பார்த்ததும் அவள் எழுந்துகொண்டாள்.

"வா தாயி. பிள்ளையக் கொண்டாந்திருக்கியே, காந்திமதி கொன்னே போடுவாளே."

செண்பகா கிண்ணத்தை நீட்டினாள். "சின்னத்தை, இது எப்படி எங்க வீட்டுக்கு வந்துச்சு?"

"உங்கிட்ட சொல்லலியா அவ? அப்ப நானும் சொல்லக் கூடாது. சத்தியம் வாங்கியிருக்கா."

"சத்தியத்த நான் சுமக்கேன். சொல்லுங்க."

உலகம்மாள் செண்பகாவின் தோளில் இருந்த சின்ன முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"பொம்பளப் பிள்ளை பொறந்திருக்குன்னு அன்னைக்கு மத்தியானம் வேகாத வெயில்ல ஓடி வந்தா. பன்னெண்டு வருசம் கழிச்சு இந்தப் படி ஏறினா. எனக்கு என்னமோ ஏதோன்னு ஆயிப்போச்சு. உள்ள கூட வரல, நின்ன இடத்துல நின்னுக்கிட்டு, 'ஏட்டி, சேனை தொட்டுக் கொடு'ன்னா. நான் சிரிச்சேன். என்னத்துக்கு நானு, நீ வைன்னேன். அதுக்கு அவ சொன்னா, 'இந்தக் குடும்பத்துல குணமுள்ளவ ஒருத்திதான். மாமியா படுக்கையில கெடந்தப்ப ஏழு வருசம் பீ மூத்திரம் அள்ளுனது நீ. நான் மூக்கப் பொத்திட்டு நின்னேன். என் குணம் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்'னுட்டா."

செண்பகா பிள்ளையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நம்ம வீட்டு வழக்கத்துல சேனை தொடுறவ முதல்ல தன் நாக்குல வச்சுக்கிட்டுத்தான் பிள்ளைக்கு வைக்கணும். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தா உங்க வீட்டுல வெட்டுக்குத்து ஆயிரும். அதனால சீனித் தண்ணியில ஒரு வாய் குடிச்சுட்டு மிச்சத்தக் கொடுத்தனுப்பினேன். ஏன் தாயி, பிள்ளைக்கு எதும் ஆயிட்டா?"

செண்பகா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது, அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. எச்சில் பட்டால் தப்பாகக் காட்டும் என்று கேட்ட அந்த நிமிஷமே காந்திமதிக்கு எல்லாம் விளங்கியிருக்கும். விளங்கித்தான் தன் வாயைத் திறந்து தைரியமாகத் துப்பினாள். தன் எச்சில் பொருந்தாது என்று அவளுக்குத் தெரியும். சுவர் தாண்டிப் போய்க் கையேந்தியது மகனுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அந்த வறட்டு ரோஷத்துக்காக மருமகள் தேவடியாப் பட்டம் சுமக்கலாம், பேத்தி விஷம் குடிக்கலாம்.

"எனக்கு இங்க சத்தம் கேட்டுச்சு," என்றாள் உலகம்மாள். "உங்க வீட்டுல என்னைக்குச் சத்தம் இல்ல, வழக்கமான சண்டைன்னு இருந்துட்டேன். வா, போவோம்."

"சின்னத்தை, யோசிச்சுக்கோங்க. உங்க பேரு பதிவாகும். புளியங்குடி ஆயாவுக்கு என்ன செஞ்சாங்கன்னு தெரியும்லா. பிறகு உங்ககிட்ட ஒருத்தரும் பிள்ளைய விடமாட்டாங்க."

உலகம்மாள் மடியில் இருந்த பயலை இறக்கிவிட்டாள். அவன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே சற்று நேரம் நின்றாள். இல்லை என்று சொல்ல முடியாது, அவளுக்கும் வலித்தது.

"விடாட்டா போறாங்க," என்றாள். "நட."

இசக்கிராஜ் வாசலில்தான் நின்றான். சித்தியைப் பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை.

"பேர் கேட்டீங்கள்ல," என்றாள் செண்பகா. "அத்தை, நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?"

காந்திமதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓயாத வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. செண்பகா அவளுக்கு நேரம் கொடுத்தாள். பிள்ளை ஒரு தடவை சிணுங்கி அடங்குகிற அளவுக்கு நேரம் கொடுத்தாள். பிறகு கிண்ணத்தை இசக்கிராஜின் கையில் வைத்தாள்.

"படிங்க. அந்தப் பேருதான்."

உலகம்மாள் நாலே வார்த்தையில் நடந்ததைச் சொன்னாள். காந்திமதி தன் குணத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள். அதைக் கவனித்தது செண்பகாவும் காந்திமதியும்தான்.

இசக்கிராஜ் அம்மாவைப் பார்த்தான். "எம்மா?"

"என்னைய என்ன செய்யச் சொல்லுத?" என்றாள் காந்திமதி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. "இன்னைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னு இருந்தேன்."

"நாளைக்கு அந்தப் பிள்ளை வாயில மருந்து போயிருக்கும்," என்றாள் செண்பகா.

இசக்கிராஜ் கையெழுத்துப் போட்டான், சேனை தொட்டவர் என்று உலகம்மாள் பெயரும் பதிவானது. மறுநாள் ஆஸ்பத்திரியில் ஜெபராணி பிள்ளைக்கு மூத்திரம் பிடிக்க ஒரு சின்னப் பையைக் கட்டிவிட்டுக் காத்திருந்தாள். அது சாவகாசமாகப் பால் குடித்து, தூங்கி, அப்புறம்தான் மனம் வைத்தது. மாலையில் மூன்று போன்களும் மணியடித்தன. குழந்தையின் உடம்பில் வைரஸ் இல்லை. முதல் சோதனையில் வாய் அசுத்தம். மூலம் நீக்கப்பட்டது. மருந்து வேண்டாம். காதையும் சோதித்தார்கள், இரண்டும் நன்றாக இருந்தது.

நீக்கினார்கள் என்பது பேச்சுக்குத்தான். சண்டைச் சத்தத்தில் தெருவுக்குத் தெரிந்துபோன முதல் செய்தியை வாய் வலிக்க வாசித்த ஊர், திருத்தத்தை வாசிக்கவில்லை. உலகம்மாள் எச்சிலில் ஏதோ இருக்கிறதாம் என்று ஒருத்தி சொன்னாள், அவ்வளவுதான். அந்த வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையாக நின்றுபோனது. காரணம் சொல்லக்கூட ஒருத்தியும் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது காந்திமதி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். தாழ்வாரத்தில் கிடந்த சேலைகளை எல்லாம் மடித்து உள்ளே வைத்திருந்தாள். இசக்கிராஜ் பிள்ளையை வாங்கக் கை நீட்டினான்.

செண்பகா கொடுக்கவில்லை. "பேரைச் சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டுட்டீங்க. நமக்குள்ள பேச்சு முடிஞ்சு போச்சுங்க."

"ஏட்டி, தெரியாமப் பேசிட்டேன். எந்த ஆம்பளைக்கும் அப்படித்தான் தோணும்."

"தோணட்டும். தப்பில்ல. எம்பிள்ளை விஷம் குடிக்கப் போகுதுன்னு தெரிஞ்ச பிறகும் பேரு கேட்டீங்க பாத்தீங்களா, அதை நான் எங்க கொண்டு போய்க் கொட்ட?"

காந்திமதி தட்டைக் கீழே வைத்தாள். "வையி, அடி, என்ன வேணா செய்யி. பிள்ளையக் கொண்டுட்டு உள்ள வா. எங்க போவ நீ?"

"தூரமாப் போகல அத்தை." அவள் பக்கத்துப் படியில் கால் வைத்தாள். "அந்தக் குணம்தான வேணும்னு வெயில்ல ஓடிப்போய்க் கேட்டீங்க. அது இருக்குத இடத்துலயே வளரட்டும்."

அப்படித்தான் செண்பகா சுவருக்கு அந்தப் பக்கத்துக்கு வந்தாள். ஆறு மாதமாகிறது. காற்றாலை வேலைக்கு மறுபடி போகிறாள், பிள்ளையை உலகம்மாள் பார்த்துக்கொள்கிறாள். ஊர்ப் பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த ஒன்று மட்டும் தவழ்கிறது. இசக்கிராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போகிறான். படியேறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

வந்த நாளிலிருந்தே ஒரு விஷயம் செண்பகாவுக்கு எரிச்சலாக இருந்தது. தினமும் காலையில், அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழும். கல்தரையில் நங்கென்று விழும். பிள்ளை திடுக்கிட்டு வீறிடும். வேண்டுமென்றே செய்கிறாள் கிழவி, பிள்ளையைத் தூங்கவிடக் கூடாது என்று வயிற்றெரிச்சல், என்று செண்பகா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒருநாள் பிள்ளை திண்டில் சாய்ந்து விளையாடிக்கொண்டிருந்தபோது பாத்திரம் விழுந்தது. பிள்ளை அழவில்லை, பழகிவிட்டது போல. சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்ததோடு சரி. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி விழுந்தது, இந்தத் தடவை சுவருக்குக் கிட்டத்தில். மறுபடி அமைதி. பிறகு சுவரில் ஏதோ உரசுகிற சத்தம், வளையல் சத்தம். யாரோ சுவரில் காதை வைத்துச் சாய்ந்து நிற்கிறார்கள்.

அப்போதுதான் செண்பகாவுக்கு உறைத்தது. சிலதுக்குக் காது போகும் என்று இந்த வைரஸைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். இப்போது நன்றாகக் கேட்கிற காதுகூடப் பிற்பாடு போகலாம் என்றும் தெரியும். நோயே இல்லை என்று மூன்று போனுக்கும் வந்த செய்தியை அந்தப் பொம்பிளை நம்பவில்லை. தான் கொண்டுபோய் வைத்த தண்ணீர் பேத்தியின் காதை எடுத்துவிட்டதா என்று தினமும் பாத்திரத்தைப் போட்டுப் பார்க்கிறாள். அழுதால் கேட்கிறது. அழாவிட்டால்?

மூன்றாவது தடவையும் பாத்திரம் விழுந்தது. இந்தத் தடவை பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. மூச்சை உள்ளே இழுத்தது.

உலகம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இது முன்பே தெரியும் என்பது அவள் பார்வையிலேயே தெரிந்தது. "அழட்டும் தாயி," என்றாள் தணிந்த குரலில். "ஒரு சத்தம் கொடுத்துட்டாப் போதும், அவ போயிருவா."

செண்பகா குனிந்து பிள்ளையை வாரி எடுத்தாள். அழுகை சுவரைத் தாண்டுவதற்குள் அதன் வாயை மார்பில் சேர்த்துக்கொண்டாள். பிள்ளை பால் குடிக்க ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செண்பகா அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகத்தான் போனாள்.